தயிர் புளிக்கிற தூரம்

எங்கள் ஊரிலிருந்து மஸ்கட் எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் கிலோமீட்டரில் பதில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கேட்டவர் பயந்துவிடுவார்; சொன்னவருக்கும் அன்றைய சாப்பாடு இறங்காது. அதனால் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தோம். லாரிக்காரர்களுக்கு அது நாலு டீ. கம்பெனி காம்பில் இருந்தவர்களுக்கு ஒரு போன் சார்ஜ். ஊரின் ஒரே பலசரக்குக் கடையை நடத்திவந்த காக்காவுக்கு, தயிர் புளிக்கிற தூரம்.

காக்கா கீழக்கரைக்காரர். அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஊரில் எல்லோருக்கும் அவர் மூத்தவர் என்பதால் எங்கள் எல்லோருக்குமே காக்கா. தூரத்தைச் சரக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார். கருவேப்பிலை பச்சையாக இறங்கினால் வண்டி வழியிலுள்ள நிஸ்வாவிலிருந்து வருகிறது. மல்லித்தழை தலை தொங்கியிருந்தால் மஸ்கட். வாழைப்பழத் தோலில் புள்ளி விழுந்திருந்தால் துபாய்ச் சரக்கு, எல்லையில் நின்று வந்திருக்கிறது. மஸ்கட்டில் காலையில் ஏற்றிய தயிரை ஐஸ் பெட்டியில் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் எங்கள் ஊரைத் தொடும்போது ஒரு பொட்டு புளிப்பு ஏறியிருக்கும். அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "வழியில எங்கயும் நிக்காம வந்திருக்கான்" என்றோ, "இவன் நிஸ்வாவுல கறி தின்னுட்டுத் தூங்கியிருக்கான்" என்றோ தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

ஊர் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பெட்ரோல் பங்க், பள்ளிவாசல், கிளினிக், டயர் கடை, காக்காவின் கடை, கொஞ்சம் தள்ளி எங்கள் கம்பெனியின் காம்ப். மஸ்கட்டையும் சலாலாவையும் சேர்க்கும் சாலையின் நடுவில், வரைபடம் போட்டவர் பென்சிலை ஊன்றி யோசித்தபோது விழுந்த புள்ளி. சுற்றிலும் சரளைக்கல் பொட்டல். மணல் மேடு கிடையாது, பேரீச்சை கிடையாது, அந்தி வெயிலில் வரிசையாகப் போகும் ஒட்டகங்கள் கிடையாது. காலண்டர் அச்சடிப்பவர்கள் வந்தால் ஏமாந்துபோவார்கள். தரை என்று ஒன்று இருந்தது, வானம் என்று ஒன்று இருந்தது, இரண்டும் எங்கே சேர்கின்றன என்பது மட்டும் மதியத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. கானல் எழுந்து விளிம்பை அழித்துவிடும். தூரத்து லாரிகள் சாலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் மிதந்து வரும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் தூங்காமலே கனவு வரும். கம்பெனி அதற்குத் தனியாகச் சம்பளம் பிடிக்கவில்லை.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். குழாய்களையும் வால்வுகளையும் காவல் காத்துக்கொண்டே நிறையப் படித்தேன், பெரும்பாலும் பயண நூல்கள். பாலைவனத்தை ஒட்டகத்திலும் கால்நடையாகவும் கடந்தவர்கள் எழுதியதையெல்லாம் ஏசி அறையில் சாய்ந்து படித்து முடித்தவன் நான். நிழலை வைத்துத் திசை கண்டுபிடிப்பது எப்படி என்று எங்கள் கேட்டில் காவலிருந்த, பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த பெதுவின் கிழவருக்கே ஒருமுறை விளக்கியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எனக்குக் காவா என்கிற அரபுக் காப்பியை ஊற்றிக்கொடுத்தார்.

இப்படியிருக்கையில் ஒரு மே மாதம் என் மனைவி வருவதாக ஏற்பாடானது.

கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் என் லீவுகளில்தான். அவள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். கம்பெனி எனக்கு காம்புக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வீடு ஒன்று ஒதுக்கியிருந்தது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடேன் என்று போனில் கேட்டேன். விட்டால் அந்த வேலை திரும்பக் கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "கோடை லீவுல வந்து பாக்கிறேன். பாத்துட்டு, பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள சொல்றேன்" என்றாள். அப்புறம், "மேப்ல பாத்தேன். ஒரே கோடா இருக்கு. பக்கத்துல பேரே ஒண்ணும் இல்லையே?" என்றாள். எழுத்தைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள் என்றேன்.

இது காம்பில் தெரிந்ததும் ஊர் முழுக்க என் சார்பில் கவலைப்படத் தொடங்கியது. அதற்குக் காரணம் எங்கள் ஃபோர்மேன். அரியலூர்க்காரர். அவர் மனைவியும் ஒருமுறை வந்திருந்தார். மஸ்கட்டிலிருந்து சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் பொட்டல் தொடங்கியதும் பேச்சை நிறுத்தினாராம். ஊருக்குள் வந்தபோது அழுதுகொண்டிருந்தாராம். அந்த வாரமே திரும்பிப் போய்விட்டார். அதிலிருந்து ஃபோர்மேனுக்கு ஒரே ஒரு கொள்கை.

"சார், வீடு எப்படி இருந்தாலும் பொம்பளைங்க சமாளிச்சிடுவாங்க. அந்தத் தூரந்தான் ஆளைக் கொல்லுது. சன்னல் பக்கம் மட்டும் உக்கார வெக்காதீங்க."

"யோவ், நான் ஓட்டப்போறது பிக்கப். அதுல எல்லா இடமும் சன்னல் பக்கந்தான்."

"அப்ப தூங்க வெச்சிருங்க."

இதைக் காக்காவும் ஆமோதித்தார். "நிஸ்வாவுல நம்ம மலையாளி ஹோட்டல் இருக்குல்ல, அங்க நிறுத்துங்க தம்பி. தங்கச்சிக்கு வயிறு முட்ட வாங்கிக் குடுங்க. பரோட்டா ரெண்டு கூடவே சொல்லுங்க. அது உள்ள போனா யானையே தூங்கிரும். கண்ணைத் திறந்தா வீடு. இன்ஷா அல்லாஹ்."

"முழிச்சுக்கிட்டா?"

"முழிச்சா போர்டைப் படிக்க விடாதீங்க. போர்டுலதானே கிலோமீட்டர் எழுதிவெச்சிருக்கான், பாவிப்பய. போர்டு வந்தா அந்தப் பக்கம் ஒட்டகம் நிக்குதுன்னு கையைக் காட்டுங்க."

"ஒட்டகம் இல்லன்னா?"

"இப்பத்தான் போச்சுன்னு சொல்லுங்க."

கடைசியாக, மஸ்கட் போகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வதுபோல, வரும்போது நாலு வாளி தயிர் ஏற்றி வரச் சொன்னார். அவருடைய குளிர்வண்டி வருவதற்கு இன்னும் நாள் இருந்தது.

விமானம் விடியற்காலையில் இறங்கியது. அவள் ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக வெளியே வந்தாள். மழையே பெய்யாத நாட்டுக்கு எதற்குக் குடை என்றேன். "நீங்கதானே வெயில்னு சொன்னீங்க" என்றாள். மொத்த வியாபாரியிடம் தயிர் வாளிகளை வாங்கி ஐஸ் பெட்டியில் அடைத்துப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். மலைகளுக்கு இடையே சாலை ஏறியபோது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நிஸ்வாவில் பரோட்டா சாப்பிட்டாள். காக்காவின் கணக்குப்படி நான் இன்னும் இரண்டு சொன்னேன். அவள் ஒன்றை என் தட்டில் தள்ளிவிட்டாள். அதையும் நானே சாப்பிட்டேன். திட்டத்தின் முதல் ஓட்டை அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

மலைகள் பின்னால் போய்க் குன்றுகளாகி, குன்றுகள் கற்குவியல்களாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் ஆயிற்று. அப்போது அந்தச் சாலை இரட்டைச் சாலை ஆகியிருக்கவில்லை. ஒற்றைத் தார்ப்பாதை, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல. முள்மரம் ஒன்று தூரத்தில் தெரியும். வெகுநேரம் தெரிந்துகொண்டே இருக்கும். கடந்த பிறகு கண்ணாடியில் வெகுநேரம் தெரியும். வண்டி போகிறதா, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகிறதா என்று சந்தேகம் வரும். அவள் பாதிக் கண்ணை மூடியிருந்தாள். போர்டு வந்தபோதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். "அங்க பாரு, ஒட்டகம்." அவள் திரும்பிப் பார்ப்பாள். நானும் திரும்பிப் பார்ப்பேன், நம்பும்படியாக இருக்க வேண்டுமே என்று.

வழியில் ஒரு சோபா கிடந்தது. சிவப்புத் துணி போட்ட, இருவர் உட்காரும் சோபா. ஏதோ வீடு மாற்றிய வண்டியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். சாலையோரம் நிமிர்ந்து, பொட்டலைப் பார்த்தபடி நின்றது. பக்கத்தில் ஒரு பழைய டயர் சாய்ந்திருந்தது. கண்ணுக்கு எட்டியவரை வேறு ஒன்றும் இல்லை. அவள் கண்ணை முழுசாகத் திறந்து சிரித்தாள். "யாரோ விருந்தாளி வருவாங்கபோல" என்றாள். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

உச்சிவெயிலில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள். பங்க் சாலையின் இடப்பக்கம் இருந்தது. வண்டியை டீக்கடைக்குப் பின்புறம், நிழல் இருக்கும் என்று கொண்டுபோய் விட்டேன். நிழல் இல்லை. அந்த மாதக் கடைசியில் எங்கள் பக்கம் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். கம்பம், சுவர், மனிதன், எதுவும் பக்கவாட்டில் நிழல் தராது. நிழல் காலடியில் நாய்க்குட்டி மாதிரி சுருண்டு படுத்திருக்கும். டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்து, கட்டடத்தைச் சுற்றிச் சாலைக்கு வந்தேன். இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்றால் எதிரே வரும் டிரெய்லர்களுக்குக் காத்திருந்து சாலையைக் கடக்க வேண்டும். வலப்பக்கம் சுலபம். வயிற்றில் மூன்று பரோட்டா. கை தானாக வலப்பக்கம் திருப்பியது.

அதற்குப் பிறகு வந்தது என் வாழ்நாளின் மிக இனிமையான பயணங்களில் ஒன்று என்று வெட்கமில்லாமல் சொல்வேன். அவள் தூங்கினாள். பொட்டல் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கரைந்து ஓடியது. ஊர் நெருங்குகிறது, எல்லாம் நல்லபடி முடிகிறது, தூரம் என்பதே அவளுக்குத் தெரியப்போவதில்லை என்று மனசுக்குள் பாட்டுக்கூட வந்தது. போர்டு ஒன்று வந்தது. பழக்கதோஷத்தில் நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

அவள் விழித்தாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள்.

"என்னங்க, அதே சோபா."

"அதே மாதிரி சோபா. இங்க இதெல்லாம் சகஜம். ரோட்டோரம் நிறையக் கிடக்கும்."

"அதே சிவப்பா?"

"ஒரே கம்பெனி தயாரிப்பா இருக்கும்."

"டயரும் அதே கம்பெனியா?"

காப்பியடித்த நோட்டைப் பார்க்கும் டீச்சரின் பார்வை அது. வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கி நின்று என் நிழலைப் பார்த்தேன். படித்த நூல்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. நிழல் மட்டும் என் செருப்புக்கு அடியிலிருந்து கொஞ்சமாக எட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் நீள்வதென்று அதுவும் யோசித்துக்கொண்டிருந்தது.

"அப்ப நாம மஸ்கட்டுக்குப் போயிட்டிருக்கோம்" என்றாள் உள்ளேயிருந்து.

"ஆமா."

"வண்டி ஏர்போர்ட்டைப் பாத்து நிக்குது."

"நிக்குது."

அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவைச் சாத்திவிட்டு நடந்துபோய், முந்தானையால் தூசியைத் தட்டி, அந்தச் சோபாவில் உட்கார்ந்தாள்.

எனக்கு ஃபோர்மேனின் முகம்தான் கண்முன் வந்தது. அவள் இரண்டு வார்த்தை சொன்னால் போதும், இப்படியே நேராகப் போகலாம் என்று. திருப்பக்கூட வேண்டாம். என் தவறு அந்த வேலையையும் முடித்து வைத்திருந்தது. வண்டியின் மூக்கு மஸ்கட்டையும், அதற்கு அப்பால் மதுரையையும், கோவில்பட்டியையும், ஜூன் மாதம் திறக்கப்போகும் பள்ளிக்கூடத்தையும் பார்த்து நின்றது. அவள் பொட்டலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அனல் காற்றில் குடை லேசாக ஆடியது. சிவப்புச் சோபா, கறுப்புக் குடை, மற்றதெல்லாம் வெள்ளை. யாரோ பாதி வரைந்துவிட்டுச் சாப்பிடப் போன படம்போல இருந்தது. அந்தப் படத்துக்குள் நான் போகலாமா என்று தயங்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் மறுமுனையில் உட்கார்ந்தேன். சூடு என்னை ஒரு முறை எழுப்பி உட்கார வைத்தது. அவள் குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தாள்.

"போர்டு வரும்போதெல்லாம் ஒட்டகம் காட்டினீங்களே, யார் சொல்லிக்கொடுத்தது?"

"கடைக்காரர்."

"நான் எல்லாப் போர்டும் படிச்சேன். பரீட்சை ஹால்ல நிக்கிறவகிட்டயா?"

தண்ணீரைக் குடித்தாள். தூரத்தில் ஏதோ ஒரு வண்டி மிதந்துகொண்டே இருந்தது, வரவேயில்லை.

"எங்க கரிசக்காட்டுலயும் பருத்தி எடுத்தப்புறம் இப்படித்தான் கிடக்கும்" என்றாள். "ஆனா அதுக்கு ஒரு முடிவு உண்டு." பிறகு, "ஒவ்வொரு லீவுக்கும் இந்த வழியாத்தான் வருவீங்களா?"

"வேற வழி கிடையாது."

"எப்படி?"

"பஸ்ல. இடம் கிடைக்கலன்னா லாரியில."

"வீட்டுக்கு வந்தா ஏர்போர்ட்ல ஏறினதுலேருந்துதானே கதை சொல்லுவீங்க. இதைச் சொன்னதே இல்லையே."

"என்னத்தைச் சொல்றது? சொல்ற மாதிரி இதுல ஒண்ணுமே இல்லையே."

அவள் பொட்டலைப் பார்த்தாள். அதில் இருந்த ஒன்றுமில்லாததை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல இடமிருந்து வலமாகப் பார்த்து முடித்தாள்.

"வீட்டுல உக்கார என்ன இருக்கு?"

"கட்டில் இருக்கு. பிளாஸ்டிக் நாற்காலி ரெண்டு. அதுல ஒண்ணு மெஸ்ஸுது, திருப்பிக் குடுக்கணும்."

"அப்ப இதை ஏத்துங்க."

எனக்குப் புரியவில்லை. அல்லது புரிந்ததை நம்பப் பயமாக இருந்தது. "எங்க கொண்டுபோறது, மஸ்கட்டுக்கா?"

"மஸ்கட்ல எனக்கு யாரு இருக்கா?" என்று எழுந்து, மடியைத் தட்டிக்கொண்டாள்.

சோபாவை என்னால் ஒரு மூலையைத்தான் தூக்க முடிந்தது. அவள் இன்னொரு மூலையைத் தூக்கியபோது குடை பறந்து சாலைக்குப் போயிற்று. வெகுநேரமாக மிதந்துகொண்டிருந்த வண்டி ஒருவழியாகத் தரையிறங்கி, டிரெய்லராகி, குடைக்கு முன்னால் நின்றது. ஓட்டிவந்த பட்டாணியர் ஒரு கையில் குடையோடு இறங்கினார்.

"க்யா ஹுவா பாய், சோபா கிர் கயா?" என்றார். எங்கள் சோபாதான் விழுந்துவிட்டது என்று அவர் நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது. தலையாட்டினேன். ஒரே தூக்கில் பிக்கப்பின் மேல் வைத்துக் கயிறும் கட்டிக்கொடுத்தார். "மஸ்கட்?" என்று வண்டியின் மூக்கைக் காட்டிக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தலையை அசைத்து, வந்த வழியைக் கைகாட்டினாள். பட்டாணியர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அச்சா" என்றார். அந்த ஒரு சொல்லில் என்னைப் பற்றி அவர் தெரிந்துகொண்டதெல்லாம் இருந்தது.

திருப்பினேன். பெட்ரோல் பங்கைக் கடந்தபோது டீக்கடைக்காரர் வாசலில் நின்று கையாட்டினார். சோபா வாங்கத்தான் போனார்கள் என்று நினைத்திருப்பார். வெயில் சாய்ந்தது, முள்மரங்களுக்கும் கம்பங்களுக்கும் நிழல் திரும்பி வந்தது, எல்லாம் ஒழுங்காக ஒரே பக்கம் நீண்டது. அவள் ஒவ்வொரு போர்டையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். எண்கள் குறையக் குறைய அவளுக்கு உற்சாகம் வந்தது. நடுவில் ஒரு இடத்தில், நிஜமாகவே ஒட்டகம் ஒன்று நின்றது. இருவரும் அதைப் பார்த்தோம்; நான் கையைக் காட்டவில்லை. அதைத் தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடியே, "பள்ளிக்கூடத்துக்கு எழுதிடணும்" என்றாள்.

ஊரைத் தொட்டபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. காக்கா கடைவாசலிலும் ஃபோர்மேன் அவருக்குப் பின்னாலும் நின்றிருந்தார்கள். டயர் கடைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். எல்லோரும் அவள் கண்களைப் பார்த்தார்கள், அழுதிருக்கிறதா என்று.

"வாங்க தங்கச்சி, வாங்க. தூரம் தெரிஞ்சுதா?"

"இல்லண்ணே. நிஸ்வாவுல சாப்பிட்டதுதான் தெரியும். கண்ணைத் திறந்தா வண்டி இங்க நிக்குது."

ஃபோர்மேன் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு மரியாதை. அதற்கு முன்பும் பின்பும் அந்த மனிதர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. காக்கா தாடியைத் தடவிக்கொண்டார், பரோட்டா யோசனை தன்னுடையது என்று ஊருக்குத் தெரியவேண்டிய விதத்தில். பிறகு பின்சீட்டிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கி, ஒரு வாளியைத் திறந்து, விரலை விட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"தம்பி, இது மஸ்கட் தூரம் இல்லயே. சலாலா வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தீங்களா?"

நான் சோபாவைக் கட்டியிருந்த கயிற்றை மும்முரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் வாளியை வாங்கிப் பார்த்தாள்.

"மோர்க்குழம்புக்கு இப்படி இருந்தாத்தாண்ணே நல்லாருக்கும். கடையில வெண்டைக்காய் இருக்கா?"

"வாடினது இருக்கு."

"அது போதும். நாளைக்கு எல்லாருக்கும் வைக்கலாம்."

காக்கா இன்னொரு முறை விரலை நக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. ஃபோர்மேன் காம்பிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு சோபாவை வீட்டுக்குள் தூக்கிப்போனார். முன்னறையில் ஒரே ஒரு சன்னல். அதன் வழியாகப் பொட்டல், வானம்வரைக்கும். அவர் அவசரமாகப் போய் அந்தத் திரையை இழுத்து மூடிவிட்டு, சோபாவை எதிர்ச்சுவரோரம் போடச் சொன்னார்.

"அங்க வேண்டாம்ணே" என்றாள் அவள், திரையைத் திறந்தபடி. "இப்படிச் சன்னலைப் பாத்தாப்ல போடுங்க."